ஆபரேஷன் முடிந்து வந்த நாய் எழவே இல்லை. யாரிடம் புகார் கொடுப்பது? (வியாசர்பாடி)

மேம்பாலம்_வியாசை | சனி இரவு 11.40

எங்கள் வீட்டு நாயின் பெயர் கறுப்பி. ஏழு வயது. மேம்பாலத்துக்குக் கீழே குட்டியாகக் கிடந்ததை அம்மா ஒரு பழைய முறத்தில் வைத்துத் தூக்கி வந்தார். கருத்தடை செய்யவில்லை. "பெண் பிள்ளை, ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று அம்மா சொல்லிச் சொல்லியே தள்ளிப்போய்விட்டது.

போன மாதம் திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. பெரம்பூர் பக்கம் ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்துவிட்டு, கருப்பையில் சீழ், பயோமெட்ரா, இன்றைக்கே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். ரூ.18,500 ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு அப்புறம் தருகிறோம் என்றார்கள்.

மாலை 4 மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். 7.30க்கு "நல்லபடியா முடிஞ்சது" என்றார்கள். இரவு 10 மணிக்குக் கிளினிக்கைப் பூட்ட வேண்டும் என்பதால் வீட்டுக்குத் தூக்கிப்போகச் சொன்னார்கள். அப்போது அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஈறு எல்லாம் வெளிறிக் கிடந்தது. "மயக்கம் காலைல தெளிஞ்சிடும்" என்றார்கள். 1 மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் போன் சுவிட்ச் ஆஃப்.

மறுநாள் போய்க் கேட்டால், "ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு, எங்க கையில என்ன இருக்கு?" என்று ஒரே பதில்.

பணம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். மெடிக்கல் கவுன்சிலா, போலீஸா, கார்ப்பரேஷனா? எங்கே போவது என்றே தெரியவில்லை.

காசிமேடு_கட்டுமரம் | சனி இரவு 11.52

கிளினிக் பெயரையும் டாக்டர் போட்டோவையும் இங்கேயே போடு தலைவா. மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நூறு பேர் ஒற்றை ஸ்டார் போட்டால் தானாக வழிக்கு வருவார்கள்.

நெறியாளர் | சனி இரவு 11.58

பெயர், போட்டோ, முகவரி எதுவும் இங்கே வேண்டாம். போட்டால் இழையைப் பூட்டிவிடுவேன். வியாசை, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்.

பெரம்பூர்_லோகோ | ஞாயிறு காலை 6.15

தம்பி, மனசு கஷ்டமாக இருக்கிறது. லோகோ ஒர்க்ஸில் 34 வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது இரண்டு நாய்களோடு உட்கார்ந்திருப்பவன் நான். இந்த மாதிரி புகார்களில் ஒன்றும் நடக்காது. டாக்டரை டாக்டர்தான் விசாரிப்பார். விட்டுவிட்டு அம்மாவைக் கவனியுங்கள்.

பாரிமுனை_வக்கீல் | ஞாயிறு காலை 9.30

லோகோ ஐயா, ஒன்றும் நடக்காது என்று சொல்ல முடியாது. தப்பான கதவைத் தட்டினால்தான் ஒன்றும் நடக்காது. பெரும்பாலானவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

வியாசை, மெடிக்கல் கவுன்சிலை மறந்துவிடுங்கள். அது மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு உரியது. கால்நடை மருத்துவர்களுக்கு 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் தனியாக இருக்கிறது. தேசிய அளவில் ஒரு கவுன்சில், மாநில அளவில் ஒரு கவுன்சில். நம் ஊர் டாக்டரின் பெயர் மாநிலப் பதிவேட்டில் இருக்கும். அவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 1992இல் வந்த நடத்தை நெறி விதிகள் இருக்கின்றன. நீங்கள் எழுத்தில் கொடுக்கும் புகாரை மாநிலக் கவுன்சில் அந்த விதிகளை வைத்துத்தான் பார்க்கும். அதிகபட்சமாகப் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். நீக்கிவிட்டால் அவர் பிராக்டிஸ் செய்ய முடியாது. ஆனால் கவுன்சில் உங்களுக்கு ஒரு பைசா வாங்கித் தராது, அது அதன் வேலையே இல்லை.

பணம், நஷ்ட ஈடு என்றால் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு செய்த வைத்தியம் ஒரு சேவை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கேட்கும் தொகையை வைத்து இல்லை, நீங்கள் கொடுத்த தொகையை வைத்துத்தான் எந்த ஆணையம் என்று முடிவாகும். ரூ.18,500 என்றால் மாவட்ட ஆணையம்தான், கட்டணமும் கிடையாது. இன்னொன்று, பில் தராததே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. பிரிவு 2(47) படித்துப் பாருங்கள். ஜிபே பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

போலீஸ் கடைசி. வைத்தியத்தில் கவனக்குறைவு என்று ஒரு டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்க வேண்டுமென்றால் அது சாதாரணத் தவறாக இருந்தால் போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனித மருத்துவர் வழக்குதான், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான்.

கட்டுமரம் சொன்ன யோசனையைக் கேட்காதீர்கள். நிரூபிக்க முடியாததை எழுதி போட்டோவும் போட்டால் வழக்கு திசைமாறி அவதூறில் நீங்கள் நிற்பீர்கள்.

காசிமேடு_கட்டுமரம் | ஞாயிறு காலை 9.41

சரி சார், கோபத்தில் எழுதிவிட்டேன். என் நாய் ராக்கி பார்வோ வைரஸில் போனபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது.

வேப்பேரி98 | ஞாயிறு பகல் 1.20

நான் கால்நடை மருத்துவர். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன். என் கூட்டத்தை நானே காப்பாற்றப் பார்க்கிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம், பரவாயில்லை.

பயோமெட்ரா என்பது கருத்தடை செய்யாத நடுவயது, முதிய பெண் நாய்களுக்கு ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து சில வாரங்களில் வரும். நிறையத் தண்ணீர் குடிப்பது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதால் அப்படி. பிறப்புறுப்பு வழியே சீழ் வெளியே வந்தால் வீட்டில் கவனித்துவிடுவார்கள். கருப்பை வாய் மூடிய வகையில் ஒன்றுமே வெளியே வராது, வயிறு மட்டும் உப்பும். அதுதான் ஆபத்து. கருப்பையை எடுத்தே ஆக வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் சில நாய்கள் போய்விடும். ஆகவே நாய் இறந்தது என்பதே தவறுக்குச் சாட்சி ஆகாது.

ஆனால் உங்கள் பதிவில் என்னை உறுத்துவது இரவு 10 மணி. மயக்கம் தெளியாத, ஈறு வெளிறிய நாயை வீட்டுக்கு அனுப்பியது. நான் அனுப்ப மாட்டேன். கடை பூட்டும் நேரம் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே, "இரவு வைத்துப் பார்க்க வசதி இல்லை, வேறு இடத்துக்குப் போங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

சில கேள்விகள். ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களா? உடலை என்ன செய்தீர்கள்?

மேம்பாலம்_வியாசை | ஞாயிறு பகல் 2.05

சார், ரத்தம் எடுத்தார்கள், ரிப்போர்ட் தரவில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன், படிக்கவில்லை. உடலை அன்று விடியற்காலையிலேயே ரயில்வே மதில் ஓரம் புதைத்துவிட்டோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் அதிகம் குடிப்பதை நாங்கள் பார்த்து மூன்று நாள் ஆகிவிட்டது. தெருவில் ஆடிக் கூழ் ஊற்றும் வேலை. வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று நினைத்தோம்.

வேப்பேரி98 | ஞாயிறு பகல் 2.30

மறைக்காமல் சொன்னது நல்லது. அந்த மூன்று நாளை அவர்கள் கட்டாயம் எடுத்துப் பேசுவார்கள். புகாரில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

புதைத்ததால் உடற்கூறாய்வு போய்விட்டது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் அன்றே வேப்பேரி கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். உடலை ஐஸ் வைத்துக் குளிரில் வையுங்கள், ஃப்ரீசரில் போடாதீர்கள். உறைந்துபோனால் திசுவைச் சரியாகப் படிக்க முடியாது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்ததா, கட்டிய நூல் நழுவியதா என்பதை உடலைத் திறந்தால்தான் அடித்துச் சொல்ல முடியும். வெளிறிய ஈறு என்றதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். ஆனால் இப்போது அது வெறும் ஊகம்.

கொடுங்கையூர்_கோகி | ஞாயிறு மாலை 5.10

நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் வந்தவள் நான், பூனை விஷயமாக. போவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சட்டத்தில், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதை நம்பி லீவு கணக்குப் போடாதீர்கள். ஒரே ஒரு கெடுவை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு பதில் கொடுக்க 30 நாள், கூடுதலாக 15 நாள், அவ்வளவுதான். அதற்கு மேல் பதிலை ஏற்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. என் வழக்கில் அந்தக் கிளினிக் 44ஆம் நாள் பதில் போட்டது!

குறுக்கு விசாரணை மாதிரி வந்தபோது அவர்களுடைய வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பூனையை எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" மீன் மார்க்கெட்டில் தூக்கிக்கொண்டு வந்த பூனை. "வாங்கவில்லை" என்றேன். "அப்போ நஷ்டம் என்ன?" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சட்டத்தின் கண்ணில் பிராணி ஓர் உடைமை. ஆனால் ஆணையம் மன உளைச்சலுக்கும் தொகை போட முடியும், செலவழித்ததைத் திருப்பித் தரச் சொல்லவும் முடியும். கடைசியில் சமரசமாகப் பாதி பணம் வந்தது. தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை, அந்த வார்த்தையை வாங்க என்னால் முடியவில்லை.

தம்பி, பணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் காகிதங்களை வெளியே கொண்டுவர ஆணையத்துக்கு வழி இருக்கிறது. அதற்காகவே ஒரு தொகை கேட்டு மனு போடலாம்.

மணலி_டூ_லீட்ஸ் | ஞாயிறு இரவு 8.00

இங்கிலாந்தில் இதற்கெல்லாம் பிரமாதமான ஏற்பாடு இருக்கும் என்று நானும் நினைத்தேன். இங்கே ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் என்று ஓர் அமைப்பு, 1844 முதல் இருக்கிறது. பதிவே பறிபோகும் அளவுக்கு மோசமான நடத்தையாக இருந்தால்தான் ஒழுங்கு நடவடிக்கை. சாதாரணக் கவனக்குறைவு, பில் தகராறு எல்லாம் அவர்கள் எல்லைக்கு வெளியே. அதற்கு ஒரு சமரச சேவை இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான். 1966ஆம் வருஷச் சட்டம் என்பதால் அது டாக்டரைத்தான் கட்டுப்படுத்துகிறது, கிளினிக் நடத்தும் கம்பெனியைத் தொடாது. கம்பெனிகள் வரிசையாகக் கிளினிக்குகளை வாங்கிப்போட்ட பிறகு, 2024இல் போட்டிச் சந்தை ஆணையம் முறையான விசாரணையே தொடங்கியது.

பெரம்பூர்_லோகோ | ஞாயிறு இரவு 8.12

அங்கேயும் அதே கதைதானா? அப்புறம் எதற்கு அவ்வளவு குளிரில் இருக்கிறாய், மணலிக்கே வந்துவிடு.

ஓட்டேரி_பாலம் | ஞாயிறு இரவு 10.45

வியாசை அண்ணா, ஒரு கேள்வி. மயக்க ஊசி போட்டது யார்? டாக்டரா?

ஏன் கேட்கிறேன் என்றால், என் அக்கா வீட்டுப் பூனைக்குக் காய்ச்சல் என்று தெருக்கோடியில் எல்லோரும் "டாக்டர்" என்று கூப்பிடும் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் பாராசிட்டமால் சிரப் எழுதிக் கொடுத்தார். பூனைக்கு அது விஷம். குழந்தைக்குக் கொடுக்கும் அளவில் கொஞ்சம் போனாலே போதும். மறுநாள் முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, போய்விட்டது. மாநிலக் கவுன்சிலுக்கு எழுதினோம். அந்தப் பெயரில் பதிவேட்டில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. பதிவில் இருப்பவர் மேல்தான் கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். பதிவே இல்லாதவரிடமிருந்து எதைப் பறிப்பது? பட்டம் வாங்கிய டாக்டர் தவறு செய்தால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது, பட்டமே வாங்காதவருக்கு அந்தப் பயமும் இல்லை.

பாரிமுனை_வக்கீல் | ஞாயிறு இரவு 11.20

நல்ல கேள்வி. 1984 சட்டம் பிரிவு 30. பதிவு பெற்றவர் தவிர வேறு யாரும் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது. டிப்ளமோ, சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், மாநில அரசு உத்தரவு போட்டு அனுமதித்த சின்னச் சின்ன சேவைகளைச் செய்யலாம், அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். பதிவு இல்லாதவர் வைத்தியம் பார்த்தால் அது கவுன்சில் விவகாரம் மட்டும் இல்லை, குற்றம். அங்கே போலீஸ் கதவு கடைசி இல்லை.

மேம்பாலம்_வியாசை | திங்கள் காலை 7.00

இரவெல்லாம் தூங்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். நான் மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தேன், அவர்தான் உள்ளே இருந்தார். காலில் முடி வழித்து ஊசி போட்டது ஒரு சின்னப் பையனாம். டாக்டர் 5 மணிக்கு மேல்தான் பைக்கில் வந்தாராம்.

வேப்பேரி98 | திங்கள் காலை 8.15

அந்தப் பையன் பி.வி.எஸ்சி முடித்த ஜூனியர் டாக்டராகவும் இருக்கலாம். இப்போதைய பிள்ளைகள் பார்க்கப் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரிதான் இருக்கிறார்கள். "பட்டம் இல்லாதவர் போட்டார்" என்று புகாரில் எழுதாதீர்கள். "இந்த நேரத்தில், டாக்டர் வருவதற்கு முன், இப்படி ஒருவர் ஊசி போட்டார், அவர் யார், பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். கேஸ் ஷீட், மயக்க மருந்துக் குறிப்பு, ரத்த ரிப்போர்ட், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள், நான்கின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

காசிமேடு_கட்டுமரம் | திங்கள் காலை 8.30

72 மணி நேரத்தில் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே?

பாரிமுனை_வக்கீல் | திங்கள் காலை 8.44

அது மனித மருத்துவர்களுக்கான 2002 விதி. இங்கே அதைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் எழுத்தில் கேட்டும் தரவில்லை என்பது ஆணையத்தில் உங்கள் பக்கம் பேசும்.

கொடுங்கையூர்_கோகி | திங்கள் காலை 10.02

அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி இல்லையா சார்? நான் இப்போது மாதவரம் போகிறேன், அதனால் கேட்கிறேன்.

பாரிமுனை_வக்கீல் | திங்கள் காலை 10.30

எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. பதிவுச் சீட்டுக்கு வாங்கும் சில்லறையை வைத்து அதைக் கட்டணச் சேவை ஆக்க முடியாது என்று 1995 சாந்தா வழக்கிலேயே வந்துவிட்டது. உண்மையாகவே கட்டணம் வாங்கும் சிகிச்சை என்றால் வாதாட இடம் உண்டு. மற்றபடி துறை மேலதிகாரி, முதல்வரின் உதவி மையம் 1100க்கு ஒரு போன், அப்புறம் கவுன்சில். அரசு டாக்டரும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார்.

மேம்பாலம்_வியாசை | வியாழன் இரவு 9.15

நகல் கேட்டு அனுப்பிய பிறகு இரண்டு நாள் பதில் இல்லை. இன்று ஒரே ஒரு தாளை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கேஸ் ஷீட்டாம். மயக்க மருந்தின் பெயர் இருக்கிறது, நேரம் இல்லை. கையெழுத்தும் இல்லை.

எடை 24 கிலோ என்று இருக்கிறது.

கறுப்பி எப்போதுமே 16 கிலோதான். போன மாதம் வெறிநோய் ஊசி போட்ட அட்டையில் 16.2 என்று எழுதியிருக்கிறது. மூன்று நாள் சாப்பிடாதவள் எட்டு கிலோ எப்படி ஏறினாள்? அன்றைக்கு எடை பார்த்ததாகவே அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

வேப்பேரி98 | வியாழன் இரவு 9.50

அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

அவசரப்படாமல் படியுங்கள். சைலசின், கீட்டமின் மாதிரி மயக்க மருந்துகளை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுத்தான் ஊசியில் எடுப்போம். 16 கிலோ நாய்க்கு 24 கிலோ கணக்கு என்றால் ஒன்றரை மடங்கு. நஞ்சேறிப் படுத்திருக்கும் நாய்க்குச் சாதாரண அளவையே குறைத்துத்தான் போட வேண்டும். ஆனால் புரோபோபால் போன்றதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போடுவோம். அங்கே எடை தவறாக எழுதியதால் பெரிய வித்தியாசம் வராமலும் போகலாம். சீழ் நிறைந்த கருப்பை கொஞ்சம் எடை கூட்டும், எட்டு கிலோ கூட்டாது. உங்கள் தாளில் எந்த மருந்து என்று இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

இது கொலைச் சாட்சி இல்லை. ஆனால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. "விஷம் ஏறிடுச்சு" என்று சொல்லி இதைக் கடக்க முடியாது.

பாரிமுனை_வக்கீல் | வியாழன் இரவு 10.20

நிபுணர் சாட்சி இல்லாமல் மருத்துவ வழக்கு நிற்காது என்று பயமுறுத்துவார்கள். எல்லா வழக்கிலும் நிபுணர் தேவையில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 16ஐ 24 என்று எழுதியதைப் புரிந்துகொள்ள நிபுணர் வேண்டாம். அதனால்தான் இறந்தாள் என்று சொல்ல நிபுணர் வேண்டும். அந்த இடைவெளிதான் உங்கள் வழக்கு.

கவுன்சில் புகாரை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். நேரம் நேரமாக எழுதுங்கள். 4 மணி, 5 மணி, 7.30, 10, 1. அழுகை ஒரு வரி போதும். பெயர் தெரியாதவர் ஊசி போட்டது, எடை, தெளியாமல் அனுப்பியது, போன் அணைத்தது, பில் தராதது. அந்த மூன்று நாள் தாமதமும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். பிறகு புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று ரூ.10 கட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை மனு) போட்டுக் கேட்கலாம்.

பெரம்பூர்_லோகோ | வெள்ளி காலை 6.05

முதல் நாள் விட்டுவிடு என்று சொன்னது நான்தான். தம்பி, எழுதி அனுப்பு. தட்டச்சுக்கு ஆள் வேண்டுமென்றால் என் பேரன் இருக்கிறான், காசு வாங்க மாட்டான், பிரியாணி கேட்பான்.

வேப்பேரி98 | வெள்ளி காலை 7.30

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1,500 ரூபாய் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாய் செத்த பிறகு பத்துப் பேரோடு வந்து கதவை உடைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதனாலேயே நிறைய டாக்டர்கள் சிக்கலான கேஸைத் தொடுவதில்லை, ராத்திரி போனை அணைத்துவிடுகிறார்கள். அது சரி என்று சொல்லவில்லை. நிதானமாக எழுதப்பட்ட ஒரு புகார் வந்தால் ஒழுங்காக வேலை செய்கிறவன் பயப்பட மாட்டான்.

மேம்பாலம்_வியாசை | அடுத்த செவ்வாய் இரவு 8.40

இன்று அனுப்பிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். லோகோ ஐயாவின் பேரன்தான் அடித்துக் கொடுத்தான், பெரம்பூரில் பிரியாணியும் ஆயிற்று. நுகர்வோர் மனுவைக் கோகி அக்கா பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அம்மா புகாரின் நகலை சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.

எம்கேபி_நகர்_புதுசு | செவ்வாய் இரவு 11.05

இந்த இழையை இப்போதுதான் படித்தேன். எங்கள் லேப்ரடாருக்கு எட்டு வயது, கருத்தடை செய்யவில்லை. நேற்றிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள். நாளை மறுநாள் கிருத்திகை முடித்துவிட்டுக் காட்டலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

மேம்பாலம்_வியாசை | செவ்வாய் இரவு 11.07

காத்திருக்காதீர்கள். விடிந்ததும் கிளம்புங்கள். ராத்திரி வைத்துப் பார்ப்பார்களா என்று முதலில் கேளுங்கள். எடை மெஷினில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போய்விட்டு இங்கே எழுதுங்கள், நான் விழித்துத்தான் இருப்பேன்.